மாமியின் பிரஷர் மாத்திரை

அந்த வருடம் நான் அதிகம் பயந்த இடம் எங்கள் வீட்டுக் கழிவறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் குனிந்து பார்த்தே ஆக வேண்டும். இரத்தம் தெரிகிறதா இல்லையா என்பதில்தான் அன்றைய பொழுது முழுவதும் அடங்கியிருந்தது. சில தடவைகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பார்க்காமலே வெளியே வந்துவிடுவேன். வந்து கதிரையில் உட்கார முடியாது. திரும்பவும் எழுந்து போய்ப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வருகிற நிம்மதிக்கு ஆயுசு ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடிக்கிற நேரம்தான்.

எங்கள் வீடு வத்தேகமைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையில் இருக்கிறது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். கணவருக்குக் கண்டி டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை. எங்களோடு கணவரின் அம்மாவும் இருந்தார். நான் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர், முதுகு வளையும்வரை மலையை விட்டு இறங்கவில்லை. அவருக்குப் பேச்சு குறைவு, எனக்கு வாய் அதிகம். அதனால் எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அது நான் ஒருத்தியே போட்டு நானே முடிக்கிற சண்டையாக இருக்கும்.

கல்யாணமாகிப் பல வருடங்கள் பிள்ளை இல்லை. ஊரில் அதைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. "என்னா டீச்சர், விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று பஸ்ஸில் ஒருத்தி கேட்டபோது, "இருந்தா தோட்டத்து மணியடிச்சிச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸே சிரித்தது. இறங்கி வீட்டுக்கு வந்து அழுதேன். மாமி மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது அன்பா கோபமா என்று தெரியாமல் அதற்கும் பயந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், கருவை வெளியே உண்டாக்கி எனக்குள்ளே வைத்தார்கள். வைக்கும்போது திரையில் காட்டினார்கள். ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான். அது என் கருப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுவதற்கு அந்தச் சுவர் பக்குவமாக இருக்க வேண்டும். பக்குவத்துக்குப் புரொஜெஸ்டரோன் என்ற மருந்து. விரல் நுனி அளவில் மெழுகுக் குளிசைகள், வாயால் விழுங்குவதல்ல, காலையிலும் மாலையிலும் கீழே உள்ளே வைப்பது. வெயில் பட்டால் உருகிவிடும் என்று நர்ஸ் மூன்று தடவை சொன்னாள்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் ரயிலில் அந்த மருந்துப் பெட்டியை ஈரக் கைக்குட்டையில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன். புள்ளி வயிற்றில் இருக்கிறது, என் கை இரண்டும் சாப்பாட்டுப் பெட்டியில். வெயில் ஜன்னல் பக்கம் மாறியபோது இடம் மாறி உட்கார்ந்தேன். ரம்புக்கனைக்கு அப்பால் வண்டி மலையேறத் தொடங்கிக் காற்று குளிர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வீட்டில் எங்கள் ஊர்க் குளிருக்கு அந்த மெழுகு கல்லாக இறுகிப்போய், கையில் பொத்தி வைத்துச் சூடு காட்ட வேண்டியிருந்தது.

மாமியிடம், "கர்ப்பப்பை பலத்துக்கு மருந்து," என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

புள்ளி ஒட்டிக்கொண்டது. சந்தோஷப்படத் தெரியவில்லை. முன்பு இழப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை, இப்போது இருந்தது. மூன்றாம் மாதம் முடிந்து மருந்தை நிறுத்தச் சொன்னபோது, "இன்னும் கொஞ்ச நாள் வைக்கட்டுமா டொக்டர்?" என்று கெஞ்சினேன். அவர் சிரித்தார். இனி அது தன் காலில் நிற்கும் என்றார். ஐந்தாம் மாத ஸ்கானில் கருப்பையின் வாய் நீளம் குறைந்து கட்டையாகிவிட்டது என்று தெரிந்து, அதே மெழுகு மருந்தைத் திரும்ப ஆரம்பித்தார்கள். அப்போது ஒட்டிக்கொள்ளக் கொடுத்த மருந்தே இப்போது பிள்ளை அவசரப்பட்டு வெளியே வராமலிருக்கவும் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்தேன்.

மாதா மாதம் கிளினிக்குக்கு மாமிதான் துணைக்கு வருவார். ஒவ்வொரு முறையும் மிட்வைஃப் என் கையில் பட்டியைச் சுற்றி அமுக்கிப் பார்த்து, "டீச்சருக்கு பிரஷர் எப்பவும் கொறவுதான்," என்பாள். நான் அதைக் கேட்டுவிட்டு மறந்துவிடுவேன். மாமி மறக்கவில்லை.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் காலை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது இடுப்பைச் சுற்றி ஓர் இறுக்கம் வந்து, விட்டு, திரும்பவும் வந்தது. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வார்டில் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் டொக்டர் இருந்தார், என்னைவிட இளையவர். முதலில் ஒரு மாத்திரை, சற்றுப் பொறுத்து இன்னொன்று, பிறகும் ஒன்று. தொடையில் ஊசி வேறு.

"இந்த ஊசி பிள்ளைட நுரையீரலுக்கு," என்றார் டொக்டர். "மாத்திர நோவ நிப்பாட்ட. ரெண்டு நாள் நோவு நின்டாலே போதும், ஊசி வேல செஞ்சிரும். அதுக்கு மேல நிக்கிற ஒவ்வொரு நாளும் நமக்கு லாபம்."

அந்த மாத்திரை என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. முகம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரிக் கொதித்தது. தலைக்குள் யாரோ உரல் இடித்தார்கள். நெஞ்சு படபடவென்று அடித்தது. அது அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். ஆனால் வயிறு இளகியது. சில நாட்களில் நோவு முழுதாக நின்று, மூன்று வேளையும் போடும்படி அதே மாத்திரையை ஒரு பேப்பர் உறையில் போட்டுக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். த்ரீவீல் தோட்டத்துப் பாதையின் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் உப்பு, தேங்காய், நெருப்புப்பெட்டி மாதிரி கிளினிக் மாத்திரையும் கைமாறும். "காய்ச்ச மாத்திர ஒண்ணு இருக்கா?" என்று வாசலில் வந்து நிற்பார்கள். இருக்கிறவர் கொடுப்பார், பிறகு வாங்கிக்கொள்வார். பெயர் யாருக்கும் தெரியாது, நிறம்தான் கணக்கு. பெரிய வெள்ளை கால்சியம், சிவப்பு இரும்பு, சின்ன ரோஸ் பிரஷர். மாமியிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. வீட்டுக்கு வருகிற எல்லா மாத்திரை உறைகளும் அதற்குள்தான் போகும். என்னுடையதும் போனது.

போடுவதற்கு முன் மாமி உறையைப் பிரித்து உள்ளே பார்த்தார். பிறகு டின்னைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகள் இருந்தன. இரண்டும் ரோஸ். இரண்டும் ஒரே அளவு.

"இதுல ஒண்ணு ஒன்னோடது, ஒண்ணு என்னோடது," என்றார். "எது யாரோடதுன்னு சொல்லு பாப்போம்."

"மாமி, அது நோவு வராம இருக்கக் குடுத்தது."

"நோவு மாத்திர இல்ல புள்ள இது. பிரஷர் மாத்திர. நான் எத்தன வருஷமா போடுறேன், எனக்குத் தெரியாதா? ஒனக்கு இருக்கிறதே கொஞ்சூண்டு பிரஷர். கிளினிக்ல அந்த மிஸ் மாசா மாசம் சொல்லுது. அதயும் கொறச்சா என்னா ஆகும்?"

நான் சிரிக்கப் பார்த்தேன். மாமி சிரிக்கவில்லை.

"மொத மொத இத போட்டுட்டு மலைக்கிப் போனேன். தேயில நெரையில நின்ன எடத்துலயே சாஞ்சிட்டேன். கூடையோட தூக்கிட்டு வந்தாங்க. வயித்துல ஒண்ணும் இல்லாத என்னையே சாச்சிருச்சி. ஒன்ன சும்மா விடுமா?"

படித்தவள் என்ற திமிர் எனக்கு உண்டு. இரண்டு உறைகளையும் கொண்டுவரச் சொன்னேன், ஒரு நிமிடத்தில் மாமியின் வாயை அடைத்துவிடலாம் என்று. மாமியின் உறையில் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். நிஃபெடிபின். என் உறையை எடுத்தேன். நிஃபெடிபின். வார்டில் நான் பட்ட சூடு, தலையிடி, படபடப்பு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. யாரோ ஒரு பிரஷர்கார அம்மாவின் மருந்தை என் கட்டிலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்களோ? அதை விழுங்கி விழுங்கித்தான் இத்தனை நாளும் கிடந்தேனா?

சாயங்காலம் கணவர் வந்ததும் வார்டுக்கு ஃபோன் எடுத்தார். நீண்ட நேரம் அடித்து, யாரோ எடுத்து, கொடுத்த மருந்தைக் கொடுத்தபடியே குடிக்கச் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

"அதான் சொல்லிட்டாங்கல்ல," என்றார் கணவர்.

"மாத்திக் குடுத்தவங்ககிட்டயே கேட்டா வேற என்னா சொல்லுவாங்க?" என்றார் மாமி.

கணவருக்குக் கோபம் வந்தது. "ஒங்களுக்கு என்னாம்மா தெரியும்? பேசாம இருங்க," என்றார். மாமி பேசாமல் இருக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒனக்கு மூத்தது ஒண்ணு இருந்திச்சி. ஏழாம் மாசம். தோட்டத்து லயத்து வீட்டுலதான் பொறந்திச்சி. பஞ்சில சுத்தி அடுப்புக்கிட்ட வச்சிருந்தோம். மூச்ச இழுக்க முடியாம கெடந்து தவிச்சிச்சி. வெயில் ஏறுற வரைக்கும்தான் இருந்திச்சி. பேரு வைக்கல. எனக்குத் தெரியும்யா ஏழாம் மாசம்னா என்னான்னு."

கணவர் அதுவரை அதைக் கேள்விப்பட்டதில்லை. தனக்கு மூத்தது ஒன்று இருந்ததென்று நரை தொடங்கிய வயதில்தான் கேட்கிறார். வெளியே போய் நின்றார்.

நான் அந்த வேளை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழுங்கினால் மாமி சொன்னபடி சாய்ந்துவிடுவேன், என்னோடு பிள்ளையும். விழுங்காவிட்டால் நோவு வரும், பிள்ளை வெளியே வந்து மூச்சுக்குத் தவிக்கும். ஒரே அளவு பயம், இரண்டு பக்கமும். ஒவ்வொரு நாளும் லாபம் என்று அந்த டொக்டர் சொன்ன சொல் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள இருந்தது. விழுங்கினேன். படுத்திருந்தபடியே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன், படுத்திருக்கிற ஆள் எங்கே விழப் போகிறாள் என்று யோசிக்காமல்.

மறுநாள் காலை மாத்திரையை மாமியே எடுத்துக் கொடுத்தார். முகம் இறுகியிருந்தது. கணவர் வேலைக்குப் போனார். நான் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது தகரக் கூரை சூடேறியிருந்தது. மத்தியானம். வீட்டில் சத்தமில்லை. "மாமி," என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மெதுவாக எழுந்து அலுமாரியைத் திறந்தேன். டின் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. மாமியின் குடையும் இல்லை. கோயிலுக்கு உடுத்துகிற சேலையும் கொடியில் இல்லை.

கொண்டுபோய் ஓடையில் கொட்டிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். "என் புள்ளயக் கொல்லப் பாக்குது இந்தக் கெழவி," என்று யாருமில்லாத வீட்டில் சத்தம் போட்டுக் கத்தினேன். தலையணைக்குக் கீழே, சீனிப் போத்தலுக்குப் பின்னால், சாமிப் படத்தட்டில் என்று ஒவ்வோர் இடமாகத் தேடினேன். குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தபோது முதுகில் தொடங்கியது. முதலில் வெறும் பிடிப்பு. பிறகு வயிறு முழுவதும் பலகையாக இறுகியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விட்டது. இது அதில்லை, இது அதில்லை என்று சொல்லிக்கொண்டே கதிரை வரை போவதற்குள் அடுத்தது வந்தது.

மாமியிடம் ஃபோன் இல்லை. கணவருக்கு எடுத்தேன். "நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துர்றேன், நீ மொதல்ல எறங்கு," என்று கத்தினார். பக்கத்து வீட்டு அண்ணன் த்ரீவீல் ஓட்டுகிறவர். நல்ல காலம், சாப்பாட்டுக்கு வந்திருந்தார். என் குரலைக் கேட்டுக் கை கழுவாமலே ஓடி வந்தார். அவர் மனைவி என்னோடு ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மெதுவா போங்க," என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "அண்ணே, வேகமாப் போங்க," என்றேன்.

"டீச்சர், ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க," என்றார் அவர்.

அந்தப் பாதையை நான் எத்தனையோ வருடம் நடந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதில் இத்தனை கல் இருப்பது தெரிந்தது. ஒவ்வொரு குலுக்கலிலும் ஏதோ ஒன்று கழன்று கீழே வருவது மாதிரி இருந்தது. கால்களை இறுக்கி வைத்துக்கொண்டேன். என் உடம்பை ஒரு கதவாக நினைத்து, உள்ளிருந்து அதைச் சாத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். போகாதே, போகாதே என்று பிள்ளையிடம் கெஞ்சினேன்.

பாதி இறக்கத்தில் ஒரு வளைவு. இரண்டு வண்டிகள் விலக இடம் போதாது. கீழேயிருந்து தோட்டத்து பஸ் ஏறி வந்தது. அண்ணன் த்ரீவீலைத் தேயிலைச் செடியோரம் ஒடுக்கி நிறுத்தினார். பஸ் எங்களை உரசிக்கொண்டு மேலே போகும்போது, உள்ளேயிருந்து யாரோ தகரத்தில் படபடவென்று அடிக்கிற சத்தம் கேட்டது. பஸ் நின்றது. மாமி இறங்கினார். ஒரு கையில் குடை, மறு கையில் டின். அந்த வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

"வலி வந்திருச்சா? மத்தியானத்துக்குப் போடலியே நீ? ஐயோ, நான்தான் தூக்கிட்டுப் போயிட்டேன்."

மாமி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அவர் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். எந்த உறை எது என்று வாசிக்கத் தெரியாததால், கலந்துவிடக் கூடாதென்று டின்னையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். பார்வை நேரம் இல்லை என்று காவலாளி விடவில்லை. வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார். முக்காடு போட்ட டொக்டர் வெளியே வந்தபோது வழியை மறித்து டின்னைத் திறந்து காட்டியிருக்கிறார்.

"அந்தப் புள்ள ரெண்டயும் பாத்திச்சி. ரெண்டும் ஒரே மருந்துதான் அம்மா, பிழ ஒண்டுமில்லன்னிச்சி. எனக்கு ரத்தக் கொழாய எளக்குதாம், ஒனக்கு கர்ப்பப்பைய எளக்குதாம். எளகி இருந்தா இறுகாதாம், இறுகாட்டி புள்ள வராதாம். பெறகு என்னப் பாத்து ஏசிச்சி. மருந்த இங்க கொண்டாந்துட்டீங்களே, மருமக மத்தியானத்துக்கு என்னத்தப் போடுறதுன்னு. அங்கருந்து ஓடியாறேன்."

டின்னைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினார். பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர்ப் போத்தலை மூடி கழற்றிப் பிடித்தாள். நான் வாங்கவில்லை. அடுத்த இறுக்கம் வந்துகொண்டிருந்தது. கண் முன்னால் இருந்தது அந்த ரோஸ் நிறம் ஒன்றுதான். நேற்றெல்லாம் இது என்னைச் சாய்த்துவிடும் என்று சொன்ன அதே வாய், இன்றைக்கு விழுங்கு என்கிறது. இதில் எதை நம்புவது? பயத்தில் என் பல் கிட்டித்துப் போயிருந்தது.

மாமி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு டின்னிலிருந்து இன்னொரு ரோஸ் மாத்திரையை எடுத்துத் தன் வாயில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார்.

"இப்பப் போடு. விழுந்தா ரெண்டு பேரும் சேந்து விழுவோம்."

நான் வாயைத் திறந்தேன். அவரே என் நாக்கில் வைத்தார். விரலில் பஸ் கம்பியின் இரும்பு வாசம் அடித்தது.

ஆஸ்பத்திரி போகும்வரை மாமி என் மறுபக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முகமும் கொதித்தது, அவர் முகமும் சிவந்திருந்தது. காலையில் தன் பங்கை ஏற்கெனவே போட்டுவிட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வார்டில் என்னைக் கட்டிலில் ஏற்றிவிட்டுத் திரும்பிய நர்ஸ், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமியைப் பார்த்துவிட்டு, பிரஷர் பட்டியை அவர் கையிலும் சுற்றினாள். அவரையும் ஒரு பெஞ்சில் கால் உயர்த்திப் படுக்க வைத்தார்கள். அந்த டொக்டர் வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. ஆனாலும் சிரிப்பு வந்தது, வயிறு குலுங்கிவிடுமோ என்று அதற்கும் பயந்தேன்.

நோவு மெதுவாக அடங்கியது. இந்த முறை வீட்டுக்கு விடவில்லை. வாரக்கணக்கில் அந்தக் கட்டிலிலேயே கிடந்தேன். மத்தியானப் பார்வை நேரத்தில் மாமி வருவார். அதே நேரத்தில்தான் நர்ஸ் மாத்திரை கொண்டுவருவாள். நான் விழுங்கும்போது மாமியும் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். எனக்குத் திக்கென்றது. பிடுங்கிப் பார்த்தால் கருப்பட்டித் துண்டு. "சும்மா, ஒனக்குத் தொணைக்கி," என்றார். பயம் விடவில்லை, ஆனால் அதைத் தனியாகச் சுமக்கவில்லை.

பிள்ளை ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் பிறந்தாள். அதுவும் நாளுக்கு முந்தித்தான். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள். வெளியே வந்ததும் சத்தமே இல்லை. அந்த நேரத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பிறகு அழுதாள். மெல்லிய, எரிச்சல் பிடித்த அழுகை, என்னைப் போலவே வாய்க்காரி என்று தெரிந்தது. சூடு வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூச்சுக்கு யந்திரம் தேவைப்படவில்லை. தானாகவே இழுத்து விட்டாள்.

என்னால் நடக்க முடிந்த அன்று மாமியைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று காட்டினேன். சின்ன நெஞ்சு ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. மாமி அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கும் சேர்த்துத் தானே மூச்சு விடுகிறவர் மாதிரி அவருடைய தோளும் ஏறி இறங்கியது. பிறகு நடைபாதை பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். டின் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் அதைக் கொண்டுவருவதை அவர் விடவில்லை.

டின் மூடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"புள்ள, அந்தக் காலத்துல இந்த மாத்திர இருந்திச்சா?"

எந்தக் காலம் என்று நான் கேட்கவில்லை. லயத்து அடுப்போரம், பஞ்சு, வெயில் ஏறும்வரை கிடந்து தவித்த அந்தப் பேரில்லாத மூச்சு. டின்னில் வருடக்கணக்காகத் தன் கையாலேயே எடுத்துப் போட்டுக்கொண்ட மாத்திரை அது. அடுத்த லயத்தில் கேட்டால்கூடக் கடனாகக் கிடைக்கிற மாத்திரை.

தெரியாத கணக்குக்கு விடை சொல்லக் கூடாதென்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் நான். அன்றைக்கு யோசிக்காமல் சொன்னேன்.

"இல்ல மாமி. அப்ப இந்த மாத்திரயே இல்ல. ஒலகத்துல எங்கயும் இல்ல."

"நெசமாவா?"

"நெசமா."

"அப்பச் சரி," என்றார். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.

மாமி இப்போது இல்லை. மகள் என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். அந்த மாத்திரை எப்போது வந்தது, எங்கள் தோட்டத்து மருந்துக் காம்பராவின் அலுமாரியில் அந்தக் காலத்தில் அது இருந்ததா என்பதெல்லாம் கையிலிருக்கும் ஃபோனில் ஒரு நொடியில் தேடிப் பார்க்கலாம், அல்லது யாரையாவது கேட்கலாம். நான் தேடவுமில்லை, கேட்கவுமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.